வன்னிப் பறவை ஆண்டு: விதிகள், பட்டியல்கள், வழக்குகள் எல்லாம் இந்த இழையில்

குளக்கட்டு · கிளிநொச்சி · டிசம்பர் 27

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இரணைமடு அணைக்கட்டில் ஏழு பேர் கூடிப் பேசியதை எழுத்தில் வைக்கிறேன். ஜனவரி 1 விடிந்ததிலிருந்து டிசம்பர் 31 இருளும் வரை வன்னிக்குள் யார் எத்தனை வகைப் பறவைகளைக் காண்கிறோம் என்று சிநேகபூர்வமான ஒரு போட்டி. கட்டணம் இல்லை. முதலாவதாக வருபவருக்கு மற்றவர்கள் காசு சேர்த்து ஒரு குட்டான் பனங்கட்டி வாங்கிக் கொடுக்கிறோம், அதுதான் பரிசு.

ஏன் ஓராண்டு என்று அன்று ஒருவர் கேட்டார். மாசியில் மன்னாருக்கு வந்து பூநாரையைப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் வைகாசி வெயிலில் வவுனிக்குளத்துக்கு வருவதில்லை. ஐப்பசியில் முதல் மழை விழுந்த மறுநாள் முத்தையன்கட்டுக் காட்டோரத்தில் நிற்பதும் இல்லை. போர்க்காலம் முழுவதும் இங்கே ஒழுங்காக உட்கார்ந்து பறவை எண்ணக்கூடிய நிலை இருக்கவில்லை. அந்த வெற்றுப் பக்கங்களை நிரப்ப வேண்டியவர்கள் இந்தக் குளங்களின் தண்ணீரில் வயல் செய்கிற நாங்கள்தான்.

விதிகள் இவை. பறவை உயிரோடு, காட்டு நிலையில், கட்டற்று இருக்க வேண்டும். கண்ணால் கண்டாலும் கணக்கு, காதால் கேட்டாலும் கணக்கு. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைத்த பறவை கணக்கில் இல்லை. கூட்டை நெருங்கிப் படம் எடுத்தவர் அந்த இனத்தைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். நடுவர் என்று யாரும் கிடையாது. சந்தேகமானதை இங்கே எழுதுங்கள், பேசித் தீர்ப்போம்.

ஒன்றை மட்டும் பேசித் தீர்க்க இடமில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நிற்கிற இடத்துக்கு அப்பால் எந்தப் பறவைக்காகவும் யாரும் கால் வைக்கக் கூடாது. பலகை இல்லாவிட்டாலும் ஊரவர் போகாத பற்றைக்குள் போகாதீர்கள். மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை.

புலுனிக்கூட்டம் · புதுக்குடியிருப்பு · டிசம்பர் 27

அண்ணா, நான் உயர்தரம் படிக்கிறேன். என்னிடம் பைனாகுலர் இல்லை, கைபேசி மட்டும் இருக்கிறது. சேரலாமா?

பாலைமரத்தடி · ஒட்டுசுட்டான் · டிசம்பர் 27

கண்ணும் காதும் இருந்தால் போதும், தம்பி. என்னிடம் பழைய பைனாகுலர் ஒன்று சும்மா கிடக்கிறது. ஒரு பக்கக் கண்ணாடியில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, மறுபக்கம் தெளிவாகத் தெரியும். சந்தைக்கு வருகிற நாளில் உம்மிடம் தருகிறேன்.

வங்காலைக்காற்று · மன்னார் · டிசம்பர் 28

தொடங்குவதற்கு முன் எல்லையைச் சொல்லுங்கள். வன்னி என்று எதைச் சொல்கிறீர்கள்? மன்னார்த் தீவு உள்ளேயா வெளியேயா? தலைமன்னார்க் கரையில் நண்டுதின்னி நிற்கிறது. வங்காலைப் பக்கம் அதை நான் கண்டதே இல்லை. தீவு உள்ளே என்றால் எனக்குப் பத்து இனமாவது கூடும், ஆகவே நானே தீர்ப்புச் சொல்வது முறையல்ல.

குளக்கட்டு · டிசம்பர் 28

தேர்தல் கணக்கில் வன்னி என்றால் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் போய்விடுகிறது. அந்தக் கணக்கைப் பிடித்தால் இரணைமடுவும் நானும் வெளியே நிற்போம்.

பாலைமரத்தடி · டிசம்பர் 28

பறவைக்கு வாக்காளர் இடாப்பு எதற்கு? எங்கள் பெரியவர்கள் சொன்ன பெருநிலப்பரப்பை எடுப்போம். வடக்கே ஆனையிறவு, பூநகரி. கிழக்கே கொக்கிளாய் வரை கடல். மேற்கே மன்னார்ப் பெருநிலம், வங்காலையும் கட்டுக்கரைக் குளமும் சேர்த்து. தெற்கே வவுனியா மாவட்ட எல்லை. தீவு வெளியே. ஆனால் தள்ளாடிப் பக்கத் தரையில் நின்றுகொண்டு தீவின் மேலே பறக்கிறதைப் பார்த்தால் அது கணக்கு. பார்க்கிறவரின் கால் வன்னியில் நிற்க வேண்டும், பறவை எங்கே நின்றாலும் சரி.

தொலைதூரத்தான் · டொரோண்டோ · டிசம்பர் 29

நான் பிறந்தது விசுவமடுவில், இப்போது கனடாவில் இருக்கிறேன். கால் வன்னியில் இல்லாததால் வாசகனாக மட்டும் சேர்ந்துகொள்கிறேன்.

இந்த விளையாட்டு இங்கே பழையது. 1939இல் கை எமர்சன் என்ற வணிகர் தன் தொழிற் பயணங்களோடு சேர்த்து வட அமெரிக்காவில் ஓராண்டில் 497 இனங்களை எண்ணினார். 2015இல் நோவா ஸ்ட்ரைக்கர் உலகம் சுற்றி 6,042 இனங்களைப் பார்த்தார். மறு ஆண்டே நெதர்லாந்தின் ஆர்யன் டுவார்சுயிஸ் 6,800ஐத் தாண்டினார். என் மனத்தில் நிற்பவர் கென் காஃப்மன். 1973இல் அவருக்குப் பத்தொன்பது வயது. கையில் பணம் இல்லாமல், வீதியோரம் நின்று வருகிற வாகனங்களை மறித்து ஏறி, நாடு முழுவதும் அலைந்து 650 இனங்களுக்கு மேல் கண்டார். புதுக்குடியிருப்புத் தம்பிக்காக இதை எழுதுகிறேன். ஒற்றைக் கண் பைனாகுலர் ஒரு தடையே இல்லை.

சைக்கிள்வாத்தியார் · மல்லாவி · டிசம்பர் 30

நானும் வருகிறேன். இந்த ஆண்டு என் பட்டியலில் நடந்தும் சைக்கிளிலும் போய்க் கண்ட பறவைகள் மட்டுமே இருக்கும். பஸ்ஸில் போகும்போது யன்னலால் கண்டதைச் சேர்க்க மாட்டேன். இது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி, மற்றவர்களைக் கட்டாது.

குளக்கட்டு · ஜனவரி 1

இரணைமடு அணைக்கட்டு, அதிகாலை 5.50. வாடைக்காற்றுக் காதுக்குள் இரைந்தது. குளம் நிரம்பி, மிஞ்சிய நீர் வான் வழியே பாய்ந்துகொண்டிருந்தது. வெளிச்சம் வருமுன் கேட்ட முதற் குரல் ஆட்காட்டி. பிறகு நீர்க்காகங்கள் வரிசையாக வந்தன. மருத மரத்தில் பாம்புத்தாரா சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. பட்ட மரத்தில் விரால் அடிப்பான், வாய்க்காலோரம் மூன்று வகை மீன்கொத்தி. ஒன்பது மணிக்குள் 54 இனங்கள்.

கனகராயன்கரை · வவுனியா · ஜனவரி 1

இரவுக் கடமை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் 19. புலுனி, செண்பகம், மாம்பழக்குருவி, கொடிக்கால் வாலாட்டி. கடைசியில் சொன்னது வேலியோரச் சருகுக்குள் இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்தது. வாலை மேலும் கீழும் ஆட்டும் மற்ற வாலாட்டிகளோடு பார்த்தால் இது பக்கவாட்டில் ஆட்டுகிறது. நான் பத்து நிமிடம் வீதியில் நின்று பார்த்தேன்.

புலுனிக்கூட்டம் · ஜனவரி 14

31 இனங்கள். ஒரு கேள்வி. எங்கள் பாடசாலை மதிலோரம் வெள்ளை நிற அரசவால் ஈப்பிடிப்பானைக் கண்டேன். வீட்டுக் கிணற்றடியில் செம்பழுப்பு நிறத்தது வருகிறது. இரண்டு இனமா?

சைக்கிள்வாத்தியார் · ஜனவரி 14

ஒரே இனம், தம்பி. ஆனால் நல்ல கேள்வி. இங்கேயே ஆண்டு முழுவதும் வாழ்கிற கிளையினத்தின் ஆண் வயது முதிர்ந்தாலும் வெள்ளையாக மாறுவதில்லை. வெள்ளை ஆண், பனிக்காலத்தில் இந்தியாவிலிருந்து வலசை வருவது. உம்முடைய கிணற்றடியில் நிற்பது ஊர்க்காரர், மதிலோரம் நிற்பது விருந்தாளி. இரண்டையும் எழுதி வையும், இலக்கம் ஒன்றுதான்.

வங்காலைக்காற்று · பெப்ரவரி 9

பூநாரைகள் தரவைக்கு அப்பால் தண்ணீருக்குள் நிற்கின்றன. வெறுங்கண்ணுக்கு ஒரு வெள்ளைக் கோடு. ஒரு படகு கிட்டப் போனதும் கோடு முழுவதும் எழும்பி இளஞ்சிவப்பாக மாறியது. சிறகுக்குள் ஒளித்து வைத்திருக்கும் நிறம் அது.

ஆனால் நான் சொல்ல வந்தது பூநாரை அல்ல. எல்லோரும் பூநாரையைப் பார்த்துவிட்டு வாகனத்தைத் திருப்புகிறார்கள். அதே நீரில் ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் ஆயிரக்கணக்கில் மிதக்கின்றன. கருவால் மூக்கன்கள் சேற்றில் அலகை வேர்வரை செருகி நிற்கின்றன. கட்டுக்கடங்காத கொசு உள்ளான் கூட்டம் ஒன்று, கைப்பிடியளவு பறவைகள், சைபீரியாப் பக்கமிருந்து வந்து எங்கள் சேற்றைத் தின்று கொழுத்துத் திரும்பப் போகின்றன. மன்னாரில் ஜிபிஎஸ் கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போனதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து காட்டியிருக்கிறார்கள். வங்காலைச் சரணாலயம் 2010இலிருந்து ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட ஈரநிலம். அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நேற்று இரண்டு மூட்டை பிளாஸ்திக் குப்பை கிடந்தது. நானும் என் மகனும் அதை ஏற்றி வந்தோம். இன்று என் எண்ணிக்கை 118.

பாலைமரத்தடி · மார்ச் 22

யானை நிற்கிறது. தண்ணிமுறிப்புப் பக்கம் போகிறவர்கள் ஐந்து மணிக்கு முன் கட்டை விட்டு இறங்கிவிடுங்கள். பக்கிக் குருவிக்காக இருளும் வரை நிற்க வேண்டாம். அது உங்கள் வீட்டு ஒழுங்கையிலேயே கூப்பிடும்.

கனகராயன்கரை · ஏப்ரல் 11

ஆறுமணிக்குருவி போய்விட்டது என்று நினைக்கிறேன். ஐப்பசியிலிருந்து ஒவ்வொரு நாளும் காலை ஆறு, மாலை ஆறு என்று மணி அடித்தாற்போல் கூப்பிட்டது. ஐந்து நாட்களாகச் சத்தம் இல்லை. யாருக்காவது கேட்கிறதா?

புலுனிக்கூட்டம் · ஏப்ரல் 12

எனக்கு அது கிடைக்கவே இல்லை, அக்கா. ஜனவரியில் பரீட்சை, மார்ச்சில் காய்ச்சல். இனி ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும்.

குளக்கட்டு · மே 16

இழை மூன்று வாரமாகச் சும்மா கிடக்கிறது. வலசைப் பறவைகள் எல்லாம் போய்விட்டன. சோளகம் புழுதியை வாரி அடிக்கிறது. நான் 163இல் நிற்கிறேன். காலையில் போய் முன்பு கண்ட அதே பறவைகளையே பார்த்துவிட்டு வருகிறேன். இருவர் விலகிக்கொள்வதாகத் தனிமடல் போட்டிருக்கிறார்கள். புதிய இனம் ஒன்றும் வராத மாதங்களில் போவதில் பயன் உண்டா என்று எனக்கே ஐயம் வந்துவிட்டது.

கனகராயன்கரை · மே 17

விலக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இதை எழுதுவதா என்று நேற்று இரவு முழுவதும் யோசித்தேன்.

என் முதற்பட்டியல் 2009இல் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் எழுதியது. எனக்குப் பதின்மூன்று வயது. கூடாரத்துக்கு வெளியே தண்ணீர் வரிசையில் பல மணித்தியாலம் நிற்க வேண்டும். பார்ப்பதற்கு வானம் மட்டும்தான் இருந்தது. ஒரு கொப்பியின் கடைசித் தாளில் எழுதினேன். காகம், மைனா, செம்பருந்து, புலுனி, பனை உழவாரன், பஞ்சுருட்டான், பச்சைக்கிளி, செண்பகம், மாடப்புறா, கொக்கு, சிட்டு. பதினொன்று. பிறகு பல வாரம் பன்னிரண்டாவது வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் அந்தப் பதினொன்றும் வந்தனவா என்று சரி பார்த்தேன். செம்பருந்து வராத நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்து மூன்று ஆண்டுக்கு முன் எனக்குத் தந்தார்.

புதிய இனம் வராத மாதத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். முன்பு கண்டது இன்னும் இருக்கிறதா என்று பார்க்கலாம், அண்ணா.

குளக்கட்டு · மே 17

நன்றி, தங்கச்சி. நாளை காலை போகிறேன்.

பாலைமரத்தடி · ஜூன் 20

பாலை பழுத்துவிட்டது. ஒட்டுசுட்டான் காட்டோரம் ஒரே மரத்தில் இன்று காலை இருவாச்சி நான்கு, பச்சைப்புறா எண்ணி முடியவில்லை, குக்குறுவான், மைனா, கொண்டைக்குருவி. மரத்தின் கீழே காட்டுக்கோழிகள் உதிர்ந்ததைப் பொறுக்கின. வெயில் ஏறியதும் குரங்குகள் வந்து எல்லாவற்றையும் கலைத்தன. சோம்பி வீட்டில் இருக்கிறவர்கள் ஒரு பாலை மரத்தைத் தேடி அதன் கீழே இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருந்து பாருங்கள். கரடிக்கும் இந்தப் பழம் விருப்பம் என்பதால் தனியே போக வேண்டாம். நான்கு பழம் தின்றேன், உதடு இன்னும் ஒட்டுகிறது.

வயலோரத்துக்கு ஒரு பாலையையோ வீரையையோ விட்டு வைப்பதற்கு மனம் வராமல் எல்லாவற்றையும் தறிக்கிறார்கள். நூறு ஆண்டு நின்ற மரம் அரை மணித்தியாலத்தில் விழுகிறது. அந்த ஒரு மரம் இல்லாவிட்டால் என் இன்றைய பட்டியலில் பாதி இல்லை.

சைக்கிள்வாத்தியார் · ஜூலை 6

மல்லாவிக்கும் மாங்குளத்துக்கும் இடையில், வீதியோரத் தென்னையில், செம்முதுகு மரங்கொத்தி. இலங்கைக்கே உரிய இனம். பூநகரியில் ஏற்கனவே பொன்முதுகைக் கண்டுவிட்டேன். ஆக இரண்டும் கிடைத்து 112. படம் இணைத்திருக்கிறேன்.

பாலைமரத்தடி · ஜூலை 6

ஆசிரியருக்கு வணக்கம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகு சிவப்பா? எனக்குச் செம்மஞ்சளாகத் தெரிகிறது.

சைக்கிள்வாத்தியார் · ஜூலை 6

காலை வெயில் பட்டதால் அப்படித் தெரிகிறது. நேரில் சிவப்பாகவே இருந்தது.

வங்காலைக்காற்று · ஜூலை 7

இது வெயிலின் வேலை அல்ல என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் நிற்கிற மரங்கொத்தியின் முதுகு பொன்மஞ்சள். தெற்கே போகப் போக இரத்தச் சிவப்பு. முன்பு ஒரே இனத்தின் இரண்டு வடிவம் என்றார்கள், இப்போது இரண்டு தனி இனம் என்கிறார்கள். இரண்டும் சந்திக்கிற நிலம் நாங்கள் குடியிருக்கிற இந்த இடைப்பகுதிதான். சந்திக்கிற இடத்தில் அவை இணை சேர்கின்றன, குஞ்சுகளின் முதுகு செம்மஞ்சளிலிருந்து செங்கல் நிறம் வரை எப்படியும் இருக்கலாம். உங்கள் படத்தில் இருப்பது கலப்பு.

குளக்கட்டு · ஜூலை 7

அப்படியானால் கேள்வி இதுதான். கலப்பை எந்த இனத்தில் எழுதுவது? இரண்டிலும் எழுத முடியாது. பாதிப் பாதியும் முடியாது. உலகெங்குமுள்ளவர்கள் பறவைப் பட்டியல்களைப் பதிகிற ஈபேர்ட் இணையத்தளத்தில் கலப்பினத்துக்கென்று தனி வரி உண்டு, ஆனால் இன எண்ணிக்கையில் அது சேராது. நாங்களும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஆசிரியரின் படத்துக்குத் தீர்ப்பை ஆசிரியரிடமே விடுகிறேன்.

தொலைதூரத்தான் · ஜூலை 7

இத்தனை நாள் வாசித்ததில் என்னை மிகவும் நிமிர்ந்து உட்கார வைத்த வழக்கு இது. உலகத்தில் வேறெங்கும் இந்த இரண்டு பறவையும் சந்திப்பதில்லை.

சைக்கிள்வாத்தியார் · ஜூலை 9

இரண்டு நாள் அதே தென்னைக்குப் போய் நின்றேன். இன்று மாலை மேகமூட்டம், வெயில் இல்லை. பறவை வந்தது. முதுகு செம்மஞ்சள். பாலைமரத்தடி ஐயா சொன்னது சரி, என் கண் எனக்கு வேண்டியதைக் கண்டுவிட்டது. 112ஐ 111 ஆக்கிவிட்டேன். இன்று மாணவர்களுக்கும் இதைச் சொன்னேன்.

ஆனால் கொப்பியில் இப்படி ஒரு புது வரி எழுதியிருக்கிறேன்: மரங்கொத்தி, செம்மஞ்சள் முதுகு, இலக்கம் இல்லை. இனி எங்கே கண்டாலும் திகதி, இடம், மரம், நிறம் நான்கையும் அந்த வரியின் கீழே குறிப்பேன்.

பாலைமரத்தடி · ஜூலை 9

ஆசிரியரின் நேர்மைக்கு என் வணக்கம். நானும் அந்த வரியைத் தொடங்குகிறேன். முத்தையன்கட்டில் என் கண்ணுக்கு இரண்டு உண்டு, ஒன்று மற்றதைவிடச் சிவப்பு.

தொலைதூரத்தான் · ஓகஸ்ட் 12

வந்துவிட்டேன். மூன்று வாரம் நிற்பேன். பதினெட்டு ஆண்டுக்குப் பிறகு விசுவமடுவில் நித்திரை எழும்பினேன். விடியப்புறம் குயில் கூவியது. எங்கள் காணியில் மிஞ்சியிருக்கிற ஒரே புளியமரத்தில் சின்ன ஆந்தைச் சோடி ஒன்று.

நேற்று வட்டுவாகல் பாலத்தில் நின்றேன். ஓகஸ்டில் ஒன்றும் வராது என்று எல்லோரும் சொன்னார்கள். நந்திக்கடல் ஓரச் சேற்றில் பவளக்காலி மூன்றும் உப்புக்கொத்திகள் ஒரு சிறு கூட்டமும் நின்றன. வடக்கே கூடு கட்டி முடித்து இவ்வளவு விரைவில் திரும்பிவிட்டன. நான் அந்த இடத்தில் கடைசியாக நின்ற நாளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. பறவைகள் நடந்து நடந்து சேற்றைக் குத்தின. நான் வெயில் ஏறும் வரை பார்த்தேன். என் வன்னிப் பட்டியல் 41.

புலுனிக்கூட்டம் · செப்டெம்பர் 3

தொலைதூரத்தான் மாமா போகும்போது தன் பைனாகுலரை என்னிடம் தந்துவிட்டுப் போனார். இரண்டு பக்கமும் தெரிகிறது. பழையதை என் வகுப்பு நண்பனுக்குக் கொடுத்திருக்கிறேன், பாலைமரத்தடி ஐயாவிடம் கேட்டுத்தான் கொடுத்தேன்.

நேற்று வயல் வரம்பில் நிற்கும்போது ஒரு பெரியவர் வந்து, எதைப் பார்த்து எதை எழுதுகிறாய் என்று கடுமையாகக் கேட்டார். கொப்பியைக் காட்டினேன். முழுவதும் வாசித்தார். பிறகு வாய்க்கால் முடிவில் நாணல் இருக்கிற இடத்தைக் காட்டி, அங்கே விடியப்புறம் வா என்றார். இன்று போனேன். நீலத் தாழைக்கோழி குஞ்சுகளோடு வந்தது.

சைக்கிள்வாத்தியார் · ஒக்டோபர் 19

அவசரம். பாடசாலை விறாந்தையில் காலை ஒரு ஆறுமணிக்குருவி விழுந்து கிடக்கிறது. சுவரில் மோதியிருக்க வேண்டும். உயிர் இருக்கிறது. கண் மூடித் திறக்கிறது. என்ன செய்வது?

கனகராயன்கரை · ஒக்டோபர் 19

இரவில் கடல் தாண்டி வந்து களைத்துப்போய் வெளிச்சத்தில் மயங்கி மோதுவதுண்டு. காற்றோட்டத்துக்குத் துளை போட்ட மட்டைப்பெட்டிக்குள் மெல்லிய துணி விரித்து வையுங்கள், மூடி இருட்டாக வையுங்கள். வாய்க்குள் தண்ணீர் ஊற்ற வேண்டாம், தீனும் வேண்டாம். பிள்ளைகள் திறந்து திறந்து பார்க்காமல் இருக்க வேண்டும். சிறகு தொங்குகிறதா என்று ஒரு முறை மட்டும் பாருங்கள்.

சைக்கிள்வாத்தியார் · ஒக்டோபர் 19, மாலை

சிறகு சரியாக இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்குப் பெட்டிக்குள் தத்துகிற சத்தம் கேட்டது. பாடசாலைக்குப் பின்னால் உள்ள பற்றையோரம் கொண்டுபோய் மூடியைத் திறந்தோம். நாற்பது பிள்ளைகள் மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள். அது வெளியே குதித்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றது. பச்சை முதுகு, தோளில் நீலம், வாலடியில் சிவப்பு. பிறகு சருகுக்குள் ஓடியது. ஆறு மணிக்குச் சற்று முன் அந்தப் பற்றைக்குள்ளிருந்து இரண்டு முறை கூப்பிட்டது.

இந்த ஆண்டு எனக்கு ஆறுமணிக்குருவி இல்லை. இது கணக்கா?

வங்காலைக்காற்று · ஒக்டோபர் 19

பெட்டிக்குள் இருந்தபோது இல்லை. சருகுக்குள் ஓடியபோது ஆம். கூப்பிட்டபோது இரண்டு முறை ஆம்.

புலுனிக்கூட்டம் · ஒக்டோபர் 27

இன்று அதிகாலை 5.56. எங்கள் வேலிக்கு வெளியே. கேட்டேன். அம்மாவையும் எழுப்பிக் கேட்க வைத்தேன். எனக்கு 129.

குளக்கட்டு · நவம்பர் 30

பத்து நாளாக மழை. வீதிகள் வெள்ளத்தில். வயலுக்குள் போக முடியவில்லை. கூரைக்குக் கீழே இருந்து பார்த்ததில் தகைவிலான்கள் மின்கம்பி முழுவதும் ஈரமாக உட்கார்ந்திருக்கின்றன. யாரும் இந்த நாட்களில் ஆற்றங்கரைக்குப் போக வேண்டாம், பட்டியல் பொறுத்திருக்கும்.

சைக்கிள்வாத்தியார் · டிசம்பர் 26

விடுமுறையில் வவுனியாவுக்குத் தெற்கே சைக்கிளில் போய் வந்தேன். இரண்டு நாள், இடையில் மச்சான் வீட்டில் இரவு. முழுச் சிவப்பு முதுகு கிடைக்கும் என்ற நம்பிக்கையோடுதான் போனேன். ஐந்து மரங்கொத்திகளைக் கண்டேன். நான்கு செங்கல் நிறம். ஒன்றைச் சிவப்பு என்று எழுதலாமா என்று கால் மணித்தியாலம் பார்த்தேன். பிடரிக்குக் கீழே மஞ்சள் இழை ஒன்று இருந்தது. எழுதவில்லை.

ஆனால் இலக்கமில்லாத அந்த வரியின் கீழே இப்போது 23 குறிப்புகள் இருக்கின்றன. நேற்று இரவு அவற்றை வரைபடத்தில் புள்ளியாக வைத்தேன். பூநகரிப் பக்கத்தில் எல்லாம் மஞ்சள். மல்லாவி, மாங்குளம் கலவை. ஓமந்தை தாண்டச் சிவப்புக் கூடுகிறது. கிழக்கே எனக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

பாலைமரத்தடி · டிசம்பர் 26

கிழக்கு என்னிடம் இருக்கிறது. முத்தையன்கட்டு, ஒட்டுசுட்டான், தண்ணிமுறிப்பு. 14 குறிப்புகள், நிறத்தோடு.

கனகராயன்கரை · டிசம்பர் 27

கனகராயன் ஆற்றோரம் 9. நிறத்தை நான் ஒழுங்காக எழுதவில்லை, ஆறுக்குப் படம் இருக்கிறது.

வங்காலைக்காற்று · டிசம்பர் 27

மடு வீதியில் 6, எல்லாம் மஞ்சள், ஒன்றில் மட்டும் முதுகு நடுவில் செம்மை. இதை இப்போதுதான் படத்தில் கவனிக்கிறேன்.

குளக்கட்டு · டிசம்பர் 31, இரவு 7.10

இருளாகிவிட்டது. முடிவுகள். வங்காலைக்காற்று 191. நான் 184. பாலைமரத்தடி ஐயா 172. கனகராயன்கரை 140. புலுனிக்கூட்டம் 137. சைக்கிள்வாத்தியார், முழுவதும் நடையிலும் சைக்கிளிலும், 128. தொலைதூரத்தான் மூன்று வாரத்தில் 66. விலகப் பார்த்த இருவரும் கடைசி வரை நின்றார்கள், 97, 88. பனங்கட்டி மன்னாருக்குப் போகிறது.

வங்காலைக்காற்று · டிசம்பர் 31

பனங்கட்டியை நாளை அணைக்கட்டுக்கே கொண்டு வாருங்கள். அங்கேயே தேநீரோடு தின்போம்.

குளக்கட்டு · டிசம்பர் 31

அப்படியே. நாளை காலை 5.45, இரணைமடு, துருசடி (மதகடி). மரங்கொத்திக் குறிப்பு வைத்திருக்கிற எல்லோரும் கொப்பியைக் கொண்டு வாருங்கள், மழை தூறினால் பொலித்தீன் பையில் சுற்றி. ஆசிரியர் வரைபடத்தைக் கொண்டு வருகிறார். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறப் பென்சிலுக்குப் புலுனிக்கூட்டம் பொறுப்பு.

புலுனிக்கூட்டம் · டிசம்பர் 31

நான்கு நிறம் கொண்டு வருகிறேன், அண்ணா. செங்கல் நிறமும் வேண்டும்.